முதலில் போர்வை

இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர் பக்கம் நான் வேலை பார்க்கும் குதிரை லாயத்தில், சேணங்கள் மாட்டியிருக்கும் அறையின் மூலையில் ஒரு பழைய கருவி நிற்கிறது. இரும்புக் காலின் மேல் பற்சக்கரம், சுற்றக் கைப்பிடி, அதிலிருந்து பாம்பாய் நீளும் குழாய், நுனியில் முடிவெட்டும் பிளேடு. ஒருவர் சுற்ற வேண்டும். மற்றவர் குதிரை மேல் பிளேடை ஓட்ட வேண்டும். அக்டோபரில் என் மின்சார கிளிப்பருக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் கண் அங்கே போகும்.

பகல் குறையக் குறைய குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் முடி அடர்ந்து வளரும். அந்த முடியோடு வேலை வாங்கினால் வியர்வை ஊறி, மணிக்கணக்கில் உலராது. ஈரத்திலேயே குளிர் பிடிக்கும். அதற்காகத்தான் வெட்டுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த வழக்கம் பரவியபோது கையில் இருந்தவை சீப்பும் கத்தரிக்கோலும்தான். மிஞ்சிய நுனிகளை விளக்குச் சுடரில் பொசுக்குவார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் வெட்டியவருக்கு அந்தக் குதிரை எங்கே கூசும், எங்கே நடுங்கும் என்பது அத்துப்படி.

பிறகு கையால் அழுத்தும் கிளிப்பர் வந்தது. அடுத்து, சுற்றும் கருவி. 1897இல் சிகாகோவில் தொடங்கிய ஒரு நிறுவனம் இத்தகைய குதிரைக் கிளிப்பர்களைச் செய்தது. பின்னாளில் மிக்சர்களுக்குப் பேர்போன சன்பீம் அதுதான். வேலை சுருங்கியது. ஆயிரக்கணக்கான குதிரைகளின் முடியை ஒரே உத்தரவில் வெட்டுவதும் கைகூடியது.

அதன் விலையை முதல் உலகப் போர் காட்டியது. முடிக்கு அடியில் தோலில் வாழும் சொறிப் பூச்சியை ஒழிக்க, 1916–17 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படை தன் குதிரைகளின் முடியை வெட்டியது. ஏப்ரலில் பிரான்சில் அர்ராஸ் போர் மூண்டபோது பனி கொட்டியது. அரைகுறைத் தீவனம், சேறு, ஓயாத சுமை. மேலே முடியும் இல்லை. ஏராளமான குதிரைகள் விழுந்து மடிந்தன. சொறிக்கு அஞ்சியதில் தவறில்லை. எடுத்த முடிக்கு ஈடாகக் கதகதப்பைத் தராததே தவறு.

கிளிப்பர் வாங்கும்போதும் இந்தக் கதகதப்பை மறக்கக் கூடாது. கருவியைப் பொறுத்தவரை, முழு உடலுக்கு வலுவான மோட்டார் வேண்டும். முகத்துக்கும் காதோரத்துக்கும் சத்தம் குறைந்த சிறியது போதும். பிளேடின் திருகு தளர்ந்தால் முடியைப் பிடித்து இழுக்கும், இறுகினால் கொதிக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை என் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும், ஆறும்வரை நிறுத்திவிடுவேன். லேசான வேலை செய்யும் மட்டக்குதிரைக்குக் கழுத்தடியும் வயிறும் வெட்டினாலே போதும்.

எந்த கிளிப்பர் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் குதிரைக்கு நல்ல போர்வை வாங்குங்கள். கிளிப்பரைப் பிறகு பார்க்கலாம்.