பஞ்சாலையும் திங்கட்கிழமை மூச்சுத்திணறலும்

1845ஆம் ஆண்டில், பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகரப் பஞ்சாலைத் தொழிலாளரின் நிலை குறித்து மரெஸ்கா, ஹேமான் என்னும் இரு மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதில் ஒரு சிறு செய்தி உண்டு. பஞ்சுத் தூசி வாரக் கடைசியில் அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை. திங்களிலும் செவ்வாயிலும்தான் மிகவும் வருத்துகிறது என்று தொழிலாளர்கள் ஒருமித்துக் கூறினர். ஞாயிறன்று அளவு மீறிக் களித்ததன் விளைவு அது என்றனர் முதலாளிகள். தொழிலாளரோ, இடையில் வேலை நின்றுபோவதால் தூசியைத் தாங்கும் பழக்கம் உடலுக்கு விட்டுப்போகிறது என்றனர். இவ்விரு விளக்கங்களில் எது சரி என்று முடிவாவதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாயிற்று.

அந்தத் தூசி எங்கிருந்து வந்தது? பொதியாக வரும் பஞ்சில் இலைத்துணுக்கு, காம்பு, மண், உடைந்த விதை எல்லாம் கலந்திருக்கும். பொதியைப் பிரித்து அடித்து உதறும் அறையிலும், கம்பிப் பற்கள் செறிந்த உருளைகளில் இழைகளைச் சீவி ஒழுங்குபடுத்தும் 'கார்டிங்' அறையிலும் இக்கழிவு பொடியாகிக் காற்றில் கலக்கும். பற்களில் அடைத்துக்கொள்ளும் தூசியை நாள்தோறும் பலமுறை வழித்தெடுக்க வேண்டும். அவ்வேலையைச் செய்தோரே மிகுதியாக நோயுற்றனர். வறண்ட காற்றில் நூல் அறுந்துபோகும் என்பதால் சன்னல்களைத் திறக்கவும் தயங்கினர். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுக்கூடங்களில் காற்றை ஈரமாக்க நீராவியையே செலுத்தினர். அதற்கு வரம்பு கட்ட 1889இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நூலுக்கு ஏற்ற காற்றே அங்கு பேணப்பட்டது. அதைச் சுவாசிப்போரின் நலம் பிறகுதான் எண்ணப்பட்டது.

நார்த்தூசி நோய் தரும் என்பது அதற்கு முன் அறியப்படாத செய்தியன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழில்நோய்கள் பற்றி 1700இல் வெளியிட்ட நூலில், ஆளி முதலிய நார்களைச் சீவுவோர் ஓயாத இருமலுக்கும் இரைப்புக்கும் ஆளாவதைக் குறித்திருக்கிறார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் என்னவென்றும் கேளுங்கள் என மருத்துவர்க்கு அறிவுறுத்தியவரும் அவரே. 1831இல் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே, பஞ்சாலைத் தொழிலாளரின் நெஞ்சுநோயை விவரித்து எழுதினார்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பருத்தி வருவது தடைப்பட்டபோது, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. 'சூரத்' என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்ட அதன் இழை குட்டையானது, குப்பையும் மிகுதி. அதைக் கையாளும் தொழிலாளரின் உடல் படும் பாடு குறித்து 1863இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஜெஸ்ஸி லீச் என்பவர் எழுதினார். 'சூரத்' என்ற சொல்லே லங்காஷயரில் மட்டமான பொருளைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று.

நோய்க்குப் 'பிஸ்ஸினோசிஸ்' என்னும் பெயர் 1877இல் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் ப்ரூஸ்டின் நூலில் வருகிறது. மெல்லிய துணியைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இலக்கிய வாசகர்கள் இவரை நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்டின் தந்தையாக அறிந்திருக்கக் கூடும். அந்த மகனும் ஒன்பது வயது முதல் ஆஸ்துமாவால் அவதியுற்றவர்.

பெயர் கிடைத்ததும் நிவாரணம் கிடைத்துவிடவில்லை. கார்டிங் அறைத் தூசியை ஆராய்ந்த பிரிட்டிஷ் அரசுக் குழு 1932இல்தான் அறிக்கை அளித்தது. இழப்பீட்டுக்கான சட்டம் 1940இல் வந்தது. அதுவும் 20 ஆண்டுகள் உழைத்து, இனி எவ்வேலைக்கும் இயலாதவர் என்னும் நிலையை எட்டியவர்க்கே.

இந்நோயில் மருத்துவர்க்கு ஒரு சிக்கல் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் இதற்கெனத் தனி அடையாளம் ஏதும் தெரியாது. முற்றிய நிலையில் சாதாரண மூச்சுக்குழல் அழற்சியிலிருந்து பிரித்தறிவதும் கடினம். 1950களில் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங், தொழிலாளர் வாய்மொழியையே கருவியாக்கினார். திங்கட்கிழமைகளில் நெஞ்சு இறுகுகிறதா, பிற நாள்களிலுமா என்று கேட்டு, விடையைக் கொண்டு நோயின் படிநிலைகளை வகுத்தார். ஒழிந்துவிட்டதாகப் பலர் எண்ணியிருந்த நோய் அங்கேயே இருந்தது தெரியவந்தது. பஞ்சுக் கழிவிலுள்ள பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்னும் நச்சே முக்கியக் காரணம் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. தொடர்ந்து படும்போது உடல் அதற்குச் சற்றே பழகுகிறது. இடைவெளி விட்டால் மீண்டும் கடுமையாக எதிர்வினை புரிகிறது. கெண்ட் தொழிலாளர் சொன்னதும் ஏறத்தாழ இதுவே.

அமெரிக்காவில் இப்போராட்டம் இன்னும் நீண்டது. கரோலினா மாநிலங்களின் ஆலைத் தொழிலாளர்கள் 1975இல் 'பழுப்பு நுரையீரல் சங்கம்' அமைத்தனர். நூற்பாலைக் காற்றில் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி கூடாதென 1978இல் அரசு விதித்தது. ஆலை உரிமையாளர்கள் செலவைக் காட்டி வழக்காடினர். 1981இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை உறுதிசெய்தது. உடல்நலக் காப்பைச் செலவோடு தராசில் நிறுக்கச் சட்டம் கோரவில்லை என்றது.

கோவை முதல் ராஜபாளையம் வரை நூற்பாலைகள் நிறைந்தது நம் மாநிலம். இருமலோடு வரும் ஒருவரிடம் ராமஸ்ஸினியின் கேள்வியையும் ஷில்லிங்கின் கேள்வியையும் மருத்துவர் சேர்த்தே கேட்பது நல்லது. இரண்டுக்கும் எக்கருவியும் வேண்டியதில்லை. சொல்பவரின் சொல்லை நம்பினால் போதும்.