வேலை கொடுத்தார்கள், விடுதலை கொடுத்தார்களா?

உக்ரைன் அகதிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "வேலை கிடைத்துவிட்டதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், ஆனால் அது பாதிக் கேள்வி. என்ன வேலை? பிடிக்காவிட்டால் அதை விட்டுப் போக முடியுமா? படித்த படிப்புக்கு மதிப்பு உண்டா? அடுத்த ஆண்டும் அந்த நாட்டில் இருக்கலாமா? இவைதான் மீதிப் பாதி. தோழர்களே, உக்ரைனியர்கள் இந்தக் கேள்விகளை எதிர்கொள்வது இது முதல் முறையல்ல. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் இன்று நடப்பது விளங்கும்.

1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் லட்சக்கணக்கான உக்ரைனியர்கள் சிதறிக் கிடந்தார்கள். பலர் நாஜிகளால் கட்டாய உழைப்புக்காகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள். பெரும்பகுதியினர் சோவியத் ஒன்றியத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்ப அஞ்சிய சுமார் 2 லட்சம் பேர் முகாம்களிலேயே தங்கினார்கள்.

அவர்களுக்குக் கதவு திறந்தது இரக்கம் மட்டுமல்ல, ஆள் பற்றாக்குறையும்தான். பிரிட்டனில் பஞ்சாலைக்கும் வயலுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. 1947இல் 'வெஸ்ட்வர்ட் ஹோ' என்ற திட்டத்தில் முகாம்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு 'ஐரோப்பியத் தன்னார்வத் தொழிலாளர்' என்று பெயர். பெயரில்தான் தன்னார்வம். தொழிலாளர் அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் அவர்களால் வேலையை மாற்ற முடியாது. ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியே போக வேண்டியவர்கள் அவர்களே என்று பல தொழில்களில் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தமே இருந்தது. வேலை மாற்றத்துக்கான தடை 1951 தொடக்கத்தில்தான் நீங்கியது.

ஆஸ்திரேலியாவும் 1947இல் சர்வதேச அகதிகள் அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. போரால் இடம்பெயர்ந்த சுமார் 1,70,000 ஐரோப்பியர்கள் அங்கே போனார்கள்; உக்ரைனியர்களும் அதில் இருந்தார்கள். அரசு காட்டும் இடத்தில், அரசு சொல்லும் வேலையை 2 ஆண்டுகள் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்கள் என்றால் 'கூலித் தொழிலாளி', பெண்கள் என்றால் 'வீட்டு வேலையாள்' என்று பதிவு செய்தார்கள். மருத்துவரும் பொறியாளரும் அதே பட்டியலில்தான். கையில் பட்டம் இருந்தது. அதைப் பார்க்க யாரும் இல்லை.

ஆக, வேலை இருந்தது, கூலி இருந்தது. வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இந்த நிலையிலிருந்து அவர்கள் எப்படி மேலே வந்தார்கள்? ஒரு வழி கூட்டுறவு. அமெரிக்காவில் குடியேறிய உக்ரைனிய அகதிகள் 1951இல் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் 'செல்ஃப் ரிலையன்ஸ்', அதாவது தற்சார்பு, என்ற பெயரில் கடன் சங்கங்களைத் தொடங்கினார்கள். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொண்டார்கள். இன்றும் அந்தச் சங்கங்கள் நடக்கின்றன. நிலையான வாழ்க்கையைக் கட்டியெழுப்பியதில் சம்பளத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்தச் சேர்ந்து நிற்றலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இப்போது 2022க்கு வருவோம். பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியம் 'தற்காலிகப் பாதுகாப்பு' ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யூகோஸ்லாவியப் போர்களின் அனுபவத்தில் 2001இல் எழுதப்பட்டு, அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாத சட்டம் அது. தஞ்ச விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. தங்கும் உரிமை, வேலை செய்யும் உரிமை, குழந்தைகளுக்குப் பள்ளி எல்லாம் உடனே. வேலையை மாற்றவும் தடையில்லை. 1947ஐ நினைத்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய மாற்றம்!

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை.

உக்ரைன் அரசு 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் வெளியேறத் தடை விதித்ததால், வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத தாய்க்கு வேலை உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். போலந்து, வேலை முதலில் என்றது. மக்கள் வேகமாக வேலையில் சேர்ந்தார்கள். 2024இல் போலந்தின் மொத்த உற்பத்தியில் 2.7 சதவீதம் உக்ரைன் அகதிகளால் வந்தது என்று ஐ.நா. அகதிகள் முகமையும் டெலாய்ட் நிறுவனமும் கணக்கிட்டன. ஆனால் பட்டம் பெற்ற பெண்கள் பலர் ஹோட்டல் அறை துடைக்கிறார்கள், கிடங்கில் பொட்டலம் கட்டுகிறார்கள். ஜெர்மனி மொழி முதலில் என்றது: 600 மணி நேர மொழி வகுப்பு, அதோடு உதவித்தொகை. வேலையில் சேர்வது மெதுவானது. உடனே 'சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்' என்ற பேச்சு கிளம்பியது. 2023 அக்டோபரில் அரசு 'ஜாப் டர்போ' என்ற அவசரத் திட்டத்தை அறிவித்தது. மொழி தெரியாமல் சேரும் வேலை பெரும்பாலும் அடிமட்ட வேலையாகவே நின்றுவிடும் என்பதை அவசரத்தில் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று, காலம். இந்தப் பாதுகாப்பு ஆண்டாண்டாக நீட்டிக்கப்பட்டு, இப்போது 2027 மார்ச் 4 வரை நிற்கிறது. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் கீழ் வாழ்கிறார்கள். தங்கும் உரிமைக்கே தேதி குறித்திருக்கும்போது எந்த முதலாளி நீண்ட ஒப்பந்தம் கொடுப்பார்? எந்த வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும்?

எல்லா உக்ரைனியர்களும் ஒன்றுபோல வரவேற்கப்படவும் இல்லை. 2022 மே மாதம் பிராகா நகரின் முதன்மை ரயில் நிலையத்தில் உக்ரைனிய ரோமா குடும்பங்கள் நாள்கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தன. உங்களிடம் ஹங்கேரிக் குடியுரிமை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். ரோமா மக்களில் பலரிடம் உக்ரைனிலேயே அடையாள ஆவணம் இருந்ததில்லை. சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்டவர், அகதியான பிறகும் ஒதுக்கப்படுகிறார். வேலைவாய்ப்புத் திட்டம் எதுவும் அவரை எட்டுவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

எனவே இளம் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். எத்தனை அகதிகளுக்கு வேலை கொடுத்தோம் என்று எந்த அரசு எண்ணிக்கை காட்டினாலும், அதோடு நின்றுவிடாதீர்கள். வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று கேளுங்கள். சான்றிதழை மதிக்கிறார்களா, குழந்தைக்குக் காப்பகம் இருக்கிறதா, தங்கும் உரிமை எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். அந்தக் கணக்கில் வராமலே போனவர் யார் என்று கட்டாயம் கேளுங்கள். 1947இல் இவற்றை யாரும் உரக்கக் கேட்கவில்லை. அதன் விலையை உழைத்தவர்கள் தங்கள் ஆயுளில் பல ஆண்டுகளாகக் கொடுத்தார்கள்.