புகாரெஸ்ட் தொட்டில்கள்

1966 அக்டோபரில் ருமேனியாவின் சௌசெஸ்கு அரசு 770ஆம் ஆணையைப் பிறப்பித்துக் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தது. மக்கள்தொகை பெருகினால் நாடு வலுப்பெறும் என்பது கணக்கு. வளர்க்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே ஒரு லட்சம் குழந்தைகளுக்கு மேல் இருந்தார்கள். அங்கிருந்த குறைகளிலேயே கொடியது, அழுதால் தூக்க ஆளில்லாததுதான். அழுது பயனில்லை என்று கண்ட குழந்தைகள் அழுவதையே நிறுத்திக்கொண்டன.

அந்தத் தனிமை உயிரணு வரை இறங்கியது என்றே நான் கருதுகிறேன். 2000த்தில் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் 136 இல்லக் குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்த செல்களில் டெலோமியர்களை அளந்தார்கள். குரோமோசோம் நுனிகளைக் காக்கும் இந்த உறை, செல் பிரியப் பிரியக் குறுகும். இல்லத்தில் அதிக காலம் கழித்தவர்களுக்கு அது குட்டையாக இருந்தது. பிறவியிலேயே நலிந்தவர்கள்தாம் இல்லத்தில் தங்கிப்போனார்களோ என்று கேட்கலாம். கடும் நோயுள்ளவர்களை ஆய்வு தொடக்கத்திலேயே விலக்கியிருந்தது. ஆனாலும் இல்லத்தில் கழித்த காலத்தைக் குலுக்கல் மட்டுமே தீர்மானிக்கவில்லை என்பதால் ஐயம் முற்றும் தீராது. சிறுவயது அளவு முதுமையைச் சொல்லுமா என்பது அடுத்த கேள்வி. டெலோமியர் ஒன்றே முதுமையின் கடிகாரம் அல்ல. ஆனால் வளர்ந்தபின் அது பெரும்பாலும் மெல்லவே குறுகுகிறது. சிறுவயதில் பின்தங்கியவர் பிற்பாடு முந்துவது அரிது. 2004இல் ருமேனியா இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை, கடும் ஊனமுற்றோர் நீங்கலாக, இல்லங்களில் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது.