பழைய கார்களில் எஞ்சின் டைமிங்: கோளாறும் திருத்தமும்

எஞ்சின் டைமிங் என்பது பெட்ரோல் எஞ்சினில் வால்வுகள் திறந்து மூடும் வேளையையும் பிளக்கில் பொறி விழும் வேளையையும் பிஸ்டனின் ஓட்டத்தோடு பொருத்தி வைக்கும் ஏற்பாடு. முன்னது வால்வு டைமிங், பின்னது இக்னிஷன் டைமிங். கணினி புகுமுன் வந்த கார்களில் இரண்டும் மெக்கானிக்கின் கைப்பொறுப்பு. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே கென்னடி சாலையை ஒட்டி அமைந்த டோர்செட் பார்க், தமிழர் நிறைந்த குடியிருப்பு. மொரிஸ் மைனரோடு வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கார் அறிவும், வட அமெரிக்க வி8 வேன்களின் உலகமும் இந்த வட்டாரத்தில் அருகருகே இருக்கின்றன.

பொறி ஏன் முந்த வேண்டும்

பெட்ரோல் கலவை எரிந்து முடிய ஏறத்தாழ 2 மில்லிசெகண்ட் பிடிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும்போது அந்த நேரத்தில் கிராங்க் ஷாஃப்ட் 7 பாகை திரும்புகிறது. 3,000 சுற்றில் 36 பாகை திரும்பிவிடுகிறது. பிஸ்டன் மேல் உச்சியைத் தாண்டிய உடனே அழுத்தம் உச்சமடைந்தால்தான் முழு வலு கிடைக்கும். எனவே வேகம் கூடக் கூடப் பொறி முந்தி விழ வேண்டும். இதற்குத்தான் அட்வான்ஸ் என்று பெயர்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இந்த வேலையை இரண்டு உறுப்புகள் பார்க்கின்றன. சுழற்சியில் விலகும் சிறு எடைகள் வேகத்துக்கு ஏற்பவும், வாக்குவம் டப்பா சுமைக்கு ஏற்பவும் பொறியை முன்னுக்குத் தள்ளும். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கி 1910 கடிலாக் கார்களில் வந்த பாயின்ட்–கொயில் முறை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகக் கார்களின் பொதுமுறையாக இருந்தது.

அறிகுறிகள்

பொறி அளவுக்கு மேல் முந்தினால், ஏற்றத்தில் அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது தகர டப்பாவில் குறுங்கல் குலுங்குவது போன்ற சத்தம் கேட்கும். அது நாக்கிங். சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் திணறும். நாக்கிங்கோடு நெடுநாள் ஓடினால் பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

பொறி பிந்தினால் சத்தம் இராது. இழுவை குறையும், எஞ்சின் சூடேறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சைலன்சரில் வெடிச்சத்தம் வரும். சத்தமில்லாத கோளாறு என்பதால் பலர் ரேடியேட்டரையும் கார்புரேட்டரையும் குறை சொல்லிக் காசைக் கரைப்பார்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிட்டாமல் போனபோது, மொரிஸ் மைனர்களும் ஆஸ்டின் ஏ40களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். மண்ணெண்ணெயின் ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன், மிகக் குறைவு. பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கில் அது உடனே நாக்கிங் கொடுக்கும். பொறியைப் பிந்த வைத்தால் சத்தம் அடங்கும், ஆனால் வலு குறையும். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் இன்றைய கார்களைவிடத் தாழ்வாக இருந்ததும் கைகொடுத்தது.

ஆக்டேன் குறைந்தால் நாக்கிங் என்ற விதி ஒன்டாரியோவிலும் பொருந்தும். பம்புகளில் 87, 91 என்று எழுதியிருப்பது ஆக்டேன் எண். அமுக்கம் கூடிய எஞ்சினில் 87 ஊற்றி நாக்கிங் வந்தால், டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடுமுன் எரிபொருளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஸ்காபரோ வேன்கள்

டோர்செட் பார்க்குக்குத் தெற்கே, எக்லிண்டன் சாலை கிழக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வேன் ஆலை 1974 முதல் 1993 வரை இயங்கியது. ஷெவர்லே, ஜிஎம்சி வேன்கள் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றில் பரவலாக வந்த 5.7 லிட்டர் வி8 எஞ்சினின் எரிவரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5, 7 இரண்டும் ஒரே பக்கத்து அடுத்தடுத்த சிலிண்டர்கள், அடுத்தடுத்தே எரிபவை. அவற்றின் பிளக் வயர்கள் ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் பாய்ந்து, 7ஆம் சிலிண்டரில் வேளைக்கு முன்பே பொறி விழும். டைமிங் கோளாறு போலத் தோன்றும் இதற்கு மருந்து, இரண்டு வயர்களையும் பிரித்துக் கட்டுவதுதான்.

கண்டறியும் வரிசை

டைமிங்கை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவது கடைசி வேலை. தேய்மானத்தை மறைக்கத் திருப்பினால் கோளாறு சில மாதங்களில் இரட்டிப்பாகத் திரும்பும்.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்ற வேண்டும். கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபடி ரோட்டரைக் கவனிக்க வேண்டும். கிராங்க் பல பாகை திரும்பியும் ரோட்டர் அசையாவிட்டால், கிராங்க்கையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. செயினை மாற்றாமல் டைமிங் நிலைக்காது.

அடுத்தது, திறக்கும்போது பொறியை உண்டாக்கும் தொடுமுனையான பாயின்ட்டின் இடைவெளி. மொரிஸ் மைனருக்கு அது 0.014 முதல் 0.016 அங்குலம். இடைவெளி கூடினால் பாயின்ட் முந்தித் திறந்து பொறியும் முந்தும். ஆகவே இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்.

பழைய வி8களில் இன்னொரு கண்ணியும் உண்டு. கிராங்க் புல்லியின் வெளிவளையத்தைப் பிடிக்கும் ரப்பர் வயதாகி நழுவினால், டைமிங் குறியும் கூடவே நகரும். 1ஆம் பிஸ்டனின் மேல் உச்சியை நேரில் கண்டறிந்து குறியோடு ஒப்பிட வேண்டும்.

எல்லாம் சரியானபின் டைமிங் லைட். புல்லியின் குறியில் வெள்ளைச் சுண்ணம் தீற்றி, 1ஆம் பிளக் வயரில் கிளிப்பை மாட்டி, வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, ஐடிலில் ஒளி அடிக்கும்போது, சுழலும் புல்லி நின்றுவிட்டது போலத் தெரியும். வெள்ளைக் கோடு எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறது என்று பார்த்து, பானெட்டுக்கு அடியில் ஒட்டிய தாளில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து கிளாம்ப்பை இறுக்க வேண்டும். லைட் இல்லாத இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பு போதும்: பாயின்ட் திறக்கும் கணத்தில் அது எரியும்.

டைமிங் பெல்ட் கார்கள்

1980களின் பிற்பகுதியில் ஒன்டாரியோவிலேயே தயாராகத் தொடங்கிய ஹொண்டா சிவிக், டொயோட்டா கொரோலா கார்களில் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட். அது ஒரு பல் தாண்டினாலே எஞ்சின் தள்ளாடும். அந்தக் காலச் சிவிக்குகளில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். இங்கே சோதனையைவிடத் தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் பெல்ட்டை மாற்றுவதே வழி.

சட்டமும் பாதுகாப்பும்

1999 முதல் 2019 வரை ஒன்டாரியோ நடத்திய டிரைவ் கிளீன் புகைச் சோதனையில் பழைய கார்கள் தோற்றதற்கு டைமிங்கும் ஒரு காரணம். பொறி முந்தினால் நைட்ரஜன் ஒக்சைடு கூடும். மாகாணத்தில் கூலிக்குக் கார் திருத்துபவருக்கு 310எஸ் தொழிற்சான்றோ பயிற்சிப் பதிவோ கட்டாயம். சொந்தக் காரைத் தானே திருத்துவோர் பனிக்காலத்தில் கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடக் கூடாது. மணமில்லாத கார்பன் மொனொக்சைடு சில நிமிடங்களிலேயே ஆளை மயக்கிவிடும். டைமிங் லைட் பிடிக்கும் வேலைக்குக் காரை வெளியே, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சால்வையையும் ஜாக்கெட் நாடாவையும் ஃபேன் பக்கம் தொங்கவிடாமல் தொடங்க வேண்டும்.