கூப்பனிலிருந்து அஸ்வெசும வரை: உரிமை தகுதியாக மாறிய வரலாறு

இலங்கையின் சமூகநல உதவிகளை ஆராய்வோர் பெரும்பாலும் அரச செலவினத்தின் ஏற்ற இறக்கங்களையே கணக்கிடுவர். உதவி கோருவோருக்கும் அதனைக் கையளிக்கும் கீழ்மட்ட உத்தியோகத்தருக்கும் இடையிலான உறவு எவ்வாறு மாறியது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினாவாகும்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் எல்லோர்க்கும் உரியதாயிருந்தது. சங்கக்கடையில் வரிசையில் நின்றவர் தமது வறுமையை எவருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அரிசி அளந்து கொடுத்தவருக்கும் அதனை மதிப்பிடும் அதிகாரம் இருக்கவில்லை. எனவேதான் 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, மக்களின் சினம் கடைக்காரர்மீதன்றி அரசின்மீதே திரும்பிற்று. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலை அடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். பொதுவான உரிமை பொதுவான போராட்டத்துக்கும் அடித்தளமாயிற்று என்பது மனங்கொளத்தக்கது.

1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் இவ்வடித்தளத்தைத் தகர்த்தது. 1978இல் பங்கீடு குறைந்த வருமானத்தினருக்கு மட்டுப்படுத்தப்பட்டது. 1979இல் உணவு முத்திரை அதனிடத்தைப் பெற்றது. முத்திரையின் ரூபாப் பெறுமதி நிலையாக நிற்க, சந்தை விலைகள் ஏறின. வெளிப்படையாக வெட்டப்படாமலே உதவி தேய்ந்தது. இனி ஏழை என்பவர் தம்மை ஏழையென எழுதிக் கொடுக்க வேண்டியவரானார். 1989இல் ஜனசவியவும் 1995இல் சமுர்த்தியும் வந்தபோது, யார் ஏழை என்ற வினா கிராமத்துக்குள்ளேயே தீர்க்கப்படலாயிற்று. அயலவராய் வாழ்ந்த உத்தியோகத்தர் அயலவரின் வறுமைக்குச் சாட்சியானார்; அரசியற் செல்வாக்கின் அழுத்தமும் அவர்மீதே விழுந்தது.

2023இல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும, அச்செல்வாக்கை அகற்றுவதாகக் கூறி, 22 சுட்டிகளால் வறுமையை அளந்தது. செல்வாக்கை அகற்றும் நோக்கம் நியாயமானதே. ஆயின் புள்ளிகளை இட்ட கணினியிடம் எவரும் முறையிட முடியாது. பட்டியலில் பெயர் காணாதோர் பிரதேச செயலகங்களின் முன்னே திரண்டனர். தாம் எடுக்காத முடிவுக்கு அங்கிருந்த உத்தியோகத்தர் விடைகூற நேர்ந்தது. இலட்சக்கணக்கில் குவிந்தவற்றுள் தமக்காகச் செய்த மேன்முறையீடுகள் மட்டுமன்றி, பிறர் தெரிவுசெய்யப்பட்டமைக்கு எதிரான ஆட்சேபனைகளும் இருந்தன.

1953இல் மக்களுக்கும் அரசுக்கும் இடையே வெளிப்பட்ட முரண்பாடு, இன்று ஏழைக்கும் எழுதுவினைஞருக்கும், ஏழைக்கும் அயல்வீட்டு ஏழைக்கும் இடையிலானதாக உருமாறியுள்ளது. மேசையின் இருபுறத்தும் இருப்போர் பெரும்பாலும் உழைத்துண்ணும் மக்களே. உத்தியோகத்தரின் பண்பையோ பயனாளியின் நேர்மையையோ மட்டும் ஆராய்வோர், அம்மேசையை அங்கு இட்டது எது என்பதைக் காணத் தவறுவர்.