முதல் கேமிங் பிசி: கார்டுக்கு முன்னாடி சாக்கெட்

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ ரயில் ஏறி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பார்ட்ஸ் வாங்கப் போறீங்களா? பட்ஜெட் கம்மின்னா முதல்ல எதுல காசு போடணும்? இதுக்குப் பதில் கடந்த சில வருஷ வரலாற்றுலயே இருக்கு.

நம்ம பக்கம் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்தான். படிப்புக்கு உதவுச்சு; ஆனா பெரிய கேம் ஓடாது, கிராபிக்ஸை மாத்தவும் வழியில்லை.

2018 தொடக்கத்துல கிரிப்டோ மைனிங்கால கிராபிக்ஸ் கார்டு விலை எகிறிக் கிடந்தது. அந்த பிப்ரவரியில்தான் ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி வந்தது. அறிமுக விலை 99 டாலர். கிராபிக்ஸ் பிராசஸருக்குள்ளேயே இருந்ததால, தனி கார்டு இல்லாமலே பல கேம்களைக் குறைந்த செட்டிங்கில் ஆட முடிந்தது. அது கம்ப்யூட்டரோட ரேமையே பகிர்ந்துக்கும். அதனால ஒரு 8 ஜிபி ரேமை விட இரண்டு 4 ஜிபி நல்ல வேகம் கொடுத்தது.

2020 கடைசியில் கார்டு விலை மறுபடி ஏறியது. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்ற பிறகு பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. பொறுத்திருந்தவங்களுக்கு லாபம். பிராசஸரும் அப்படித்தான்: 2018ல் வாங்கின பல பி450 மதர்போர்டுகளில், பயாஸ் அப்டேட் செய்தால், 2022ல் வந்த 5800எக்ஸ்3டி கூடப் பொருந்தியது. ரெண்டுமே ஏஎம்4 சாக்கெட்.

அதனால நல்ல போர்டு, தரமான பவர் சப்ளை முதல்ல. கார்டு அப்புறம் வரலாம். கடையில கேளுங்க: "அண்ணா, இந்த சாக்கெட்டுல அடுத்து என்ன போடலாம்?"