திருப்பூந்துருத்திச் சிவிகை: ஊர் வந்த அருளாளரும் அடக்கமும்

ஊர் ஊராகச் சென்று சமயம் பேசுபவருக்கு ஓர் ஆபத்து உண்டு. பூரணகும்பமும் மாலையும் தம் புலமைக்கே கிடைத்தவை என்று அவர் எண்ணிவிடக்கூடும். அழைத்த ஊர் எல்லையிலேயே எதிர்கொள்கிறது. பேசி முடித்ததும் வழியனுப்பி வைக்கிறது. இடைப்பட்ட சில நாள்களில் அவருடைய குறையைக் காண எவருக்கும் வாய்ப்பில்லை. 7ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரைத் தலங்கள்தோறும் பதிகம் பாடிச் சென்ற திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் இத்தகைய வரவேற்பை எப்படி ஏற்றார்கள் என்பதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்து எழுதியிருக்கிறார்.

அதில் தலையாய நிகழ்ச்சி தஞ்சைக்கு அருகிலுள்ள திருப்பூந்துருத்தியில் நடக்கிறது. பாண்டி நாட்டில் சமணரை வாதில் வென்று, முத்துச்சிவிகையில் சோழ நாடு திரும்புகிறார் சம்பந்தர். பூந்துருத்தியில் திருமடம் அமைத்துத் தங்கியிருந்த நாவுக்கரசர் எதிர்கொள்ளச் செல்கிறார். கூட்டத்தில் எவரும் அறியாதபடி புகுந்து, சிவிகை தாங்குவோருள் ஒருவராகத் தோள் கொடுக்கிறார். அப்பராகிய நாவுக்கரசர் எங்கே என்று சம்பந்தர் கேட்டபோது, சுமக்கும் பேறு பெற்று இங்கே இருப்பதாகக் கீழிருந்து பதில் வருகிறது. பதறி இறங்கிய இளையவர் வணங்குமுன் முதியவர் வணங்குகிறார். வென்று வந்தவருக்கு ஊர் செய்யும் மரியாதை இதனால் குறையவில்லை. அம்மரியாதைக்குள் தம் தோளையும் வைத்துவிட்டார் நாவுக்கரசர், அவ்வளவே. சம்பந்தரும் அதைத் தமக்குரிய உபசாரமாகக் கொண்டு சிவிகையிலேயே அமர்ந்திருக்கவில்லை. இரு பக்கமும் பணிந்ததால்தான் இந்நிகழ்ச்சி நிறைவு பெறுகிறது. நாவுக்கரசர் உழவாரப் பணி செய்த மண்ணை மிதிக்க அஞ்சி வெளியே நின்ற சம்பந்தருக்குக் காட்சி தர இவ்வூர் நந்தி விலகியது என்பது தலவரலாறு.

திருவையாற்றை அடுத்த திங்களூரில் புகழ் வேறு வடிவில் காத்திருந்தது. அப்பூதி அடிகள் நாவுக்கரசரைக் கண்டதே இல்லை. ஆயினும் மக்களுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே இட்டிருந்தார். வழியில் அப்பந்தலைக் கண்ட நாவுக்கரசர், உம்முடைய பெயரை இடாமல் வேறொருவர் பெயரை இட்டது ஏன் என்று அவரிடம் கேட்கிறார். அடிகள் சினக்கிறார். அப்போதும் விருந்தினர் தம் பெயரைச் சொல்லவில்லை. சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்டு வேற்றுச் சமயத்திலிருந்து மீண்ட சிறியவன் என்று மட்டும் சொல்கிறார். தம் புகழ் எழுதிய பந்தலின் முன் நின்று தம் வழுவைச் சொல்லி அறிமுகமாவது அரிய காரியம்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்க்கு அமுதளிக்க நாவுக்கரசர், சம்பந்தர் இருவருக்கும் நாள்தோறும் இறைவன் காசு தந்தான். சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி, அதாவது வட்டம், பிடித்தார்கள். நாவுக்கரசர் பெற்றதற்கு இல்லை. நாவுக்கரசர் கையால் தொண்டு செய்வதே இதற்குக் காரணம் என்கிறது பெரியபுராணம். பாட்டில் ஒத்தவர்களை உடலுழைப்புக் கொண்டு பிரித்துக் காட்டும் இவ்விடம், பேச்சையே தொண்டாகக் கொண்டவர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய இடம்.

இவையெல்லாம் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட வரலாறு. திருமறைக்காடாகிய வேதாரண்யத்து நிகழ்ச்சிக்கோ நாவுக்கரசரின் சொந்த வாக்கே சான்றாக இருக்கிறது. அங்கே அடைத்திருந்த கதவு திறக்க அவர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. மூடுவதற்குச் சம்பந்தரின் ஒரு பாட்டே போதுமானதாயிற்று. தாம் பாடியதற்கு இறைவன் தாழ்த்தது அவரை வருத்தியது. ஒரே மேடையில் தம்மினும் இளையவர் எளிதில் வென்றதைக் காணும் எவருக்கும் எழும் வருத்தம் அது. அதன்பின் திருவாய்மூரில் பாடிய பதிகத்தில், திறக்கப் பாடிய தம்மைவிட அடைக்கப் பாடியவரே மேம்பட்டவர் என்ற கருத்தைத் தாமே பாடி வைத்தார். வருத்தமே எழாதவரின் பணிவைவிட, எழுந்த வருத்தத்தைக் கடந்து மற்றவர் மேன்மையைப் பதிவு செய்த பணிவு உயர்ந்தது.

பிற்காலத்தில் சமயம் பேசும் மேடை பல மாறுதல்களைக் கண்டது. மராட்டியக் கீர்த்தன மரபைக் கேட்டுக் கற்றுத் தமிழ்நாட்டுக் கதாகாலட்சேபத்தை உருவாக்கியவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் பிறந்த கிருபானந்த வாரியார் (1906–1993) உலகெங்கும் அழைக்கப்பட்ட விருந்தினர்; கேள்வி கேட்டுச் சிறுவர்களுக்குப் பரிசளிப்பார், சொற்பொழிவில் வந்த பொருளைத் திருப்பணிகளுக்குக் கொடுப்பார்.

இன்றைய விழா அழைப்பிதழ்களில் வெளியூர்ச் சொற்பொழிவாளரின் பட்டங்கள் இரண்டு மூன்று வரிகளை நிறைக்கின்றன. தேவாரம் பாடி அவையைத் தொடங்கி வைக்கும் உள்ளூர் ஓதுவாருக்கு ‘இறைவணக்கம்’ என்ற ஒரு சொல்லே மிஞ்சுகிறது. பல அழைப்பிதழ்களில் அவர் பெயர்கூட இல்லை. பொன்னாடையை மறுத்து நான்கு வார்த்தை பேசுவது எளிது. பூந்துருத்தியில் நாவுக்கரசர் செய்தது அதனினும் கடினமான செயல். அதற்கு ஈடாக இன்றைய விருந்தினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தம் பட்டங்களைக் குறைத்து, ஓதுவாரின் பெயரை அதே அளவு எழுத்தில் அச்சிடுமாறு விழாக் குழுவினரிடம் அவரே கேட்கவேண்டும். கேட்காவிட்டாலும் விழாக் குழுவினர் அதைச் செய்யவேண்டும்.